சவுக்கு மரம் எங்கே போகிறது?

மாணவர்களே, பாகூர், வில்லியனூர் பக்கங்களில் சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிரி, காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்திற்கு உரமாக்கித் தருகிறது. எனவே மணற்பாங்கான நிலத்திலும் வளர்ந்து, 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டுக்கு வருகிறது.

வட இந்தியாவில் பயிராகும் பாப்லர் மென்மையான மரம். ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் ஏற்றது. சவுக்கோ கடினமானது, பலகையாக அறுத்தால் காயும்போது வெடிக்கும், வளையும். ஆகவே உருட்டு மரமாகவே விற்கிறார்கள். நேரான கழிகள் சாரம் கட்டவும் பந்தல் போடவும் செல்கின்றன. மற்றவை காகித ஆலையில் கூழாகின்றன. கிளைகளும் வேர்க்கட்டைகளும் விறகாகின்றன.

கழிக்கு நீளமும் பருமனும் பார்த்து விலை. கூழ்மரத்திற்கு எடை பார்த்து விலை. வெட்டிய 1 டன் மரம் வெயிலில் கிடந்து 200 கிலோ நீரை இழந்தால், விவசாயிக்கு என்ன ஆகும்? ஐந்தில் ஒரு பங்கு வருமானம் ஆவியாகிவிடும்!