ஆற்றங்கரை நிலமும் அயலூர்ப் பயணிகளும்

திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வரும் அன்பர்களின் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. ரமண மகரிஷி 1896 முதல் 1950 வரை இங்கு வாழ்ந்தமையால், அயல்நாட்டார் வந்து மாதக்கணக்கில் தங்குவதும் நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. மலையடிவாரத்தில் மனை விலை ஏற ஏற, நிலம் தேடுவோர் தென்பெண்ணைக் கரைக் கிராமங்களை நாடி வருகின்றனர். “ஆற்றோரமாக அரை ஏக்கர் கிடைக்குமா? வந்து தங்குவோருக்குக் குடில் கட்ட வேண்டும்” என்று கேட்டு, முன்பணத்தையும் கையில் எடுத்துக் காட்டுகின்றனர். நம் அங்கத்தினர் இதற்கு என்ன விடை அளிப்பது? முன்பணம் வாங்கும் முன்னர் அறிய வேண்டுவன யாவை? இதுவே இம்மாதப் பாடம்.

1. ஆற்றை அறிதல்

தென்பெண்ணை, கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தோன்றி, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைக் கடந்து நம் மாவட்டத்துள் புகுந்து, சாத்தனூர் அணையில் தேங்குகின்றது. 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீர்மட்ட உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அணைக்குக் கீழே ஆண்டின் பெரும்பகுதி மணலே தோன்றும். பங்குனியிலோ சித்திரையிலோ வந்து பார்ப்பவர், இவ்வாறு கரையேறும் என்று கனவிலும் கருதார்.

2024 டிசம்பர் முதல் நாட்களில் பெஞ்சல் புயலின் மழையால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் வெளியேறிற்று. இதன் அளவை ஒரு சிறு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். அதே வேகத்தில் 12 மணி நேரம் ஓடினால், அணை முழுவதும் நிறைந்த நீருக்குச் சமமான வெள்ளம் கரையோர ஊர்களைக் கடந்து செல்லும். அன்று அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே, ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த உயர்மட்டப் பாலத்தையும் வெள்ளம் அடித்துச் சென்றது.

இதிலிருந்து இரண்டு செய்திகளைக் கற்கின்றோம். ஒன்று, 2024-இல் நீர் எந்த வரப்பு வரை ஏறியது என்பதே நிலத்தின் முதல் அளவுகோல். அக்கோட்டுக்கு மேலே வீடும் தறியும் களஞ்சியமும் இருக்கலாம். கீழே பயிர் மட்டுமே இருத்தல் நன்று. மற்றொன்று, பயணிகளின் வரவை நம்பித் தொழில் தொடங்குவோர் பாதையின் உறுதியையும் பார்த்தல் வேண்டும். பாலம் போனால் விருந்தினரும் வாரார். பாலும் காய்கறியும் சந்தைக்குப் போகா.

2. பத்திரங்களை அறிதல்

பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே முழு உரிமைக்குச் சான்றாகாது. மூலப்பத்திரம் தொடங்கி இன்றைய பத்திரம் வரை உரிமை தொடர்ச்சியாக வந்திருத்தல் வேண்டும். அதனோடு அ-பதிவேடு, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரங்களே தெரியும். பதிவாகாத உயிலும், பாகப் பிரிவினையாகாத வாரிசு உரிமையும் அதில் தோன்றா. பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கும் பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் உறுதி செய்தன. ஆதலால் சகோதரியரின் சம்மதமின்றி அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட விற்பனை, பிற்காலத்தில் வழக்கிற்கு வித்தாகும்.

ஆற்றங்கரையில் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய நிலவகைகள் மூன்று. முதலாவது, ஆற்றுப் புறம்போக்கு. பல தலைமுறையாக உழுது வந்தாலும் அது அரசின் நிலமே. விற்க எவருக்கும் உரிமை இல்லை. வெள்ளம் பயிரை அழித்தாலும், பதிவேட்டில் இடம் பெறாத சாகுபடிக்கு நிவாரணம் பெறுதல் அரிது. இரண்டாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட நிலம் இது. பிற வகுப்பினர்க்கு இதனை மாற்றிக் கொடுத்தல் அந்நிபந்தனைக்கு மாறானது. மூன்றாவது, கோயில் நிலம். அறநிலையத் துறையின் முன் அனுமதியின்றி அதனை விற்றால் செல்லாது.

நன்செய் நிலத்தைத் துண்டு துண்டாக்கி மனையென்று விற்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016-ஆம் ஆண்டு முதல் தடை உண்டு. பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர் நம்மிடமே திரும்பி வருவார்.

3. வாங்குவோரை அறிதல்

வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரும், இந்திய வம்சாவளிக்குரிய அயல்நாட்டுக் குடியுரிமை அட்டை பெற்றவரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு ஆகியவற்றை விலைக்கு வாங்குதல் இயலாது, வாரிசுரிமையால் பெறலாம். பயணியாக வந்து போகும் அயல்நாட்டவர் எவ்வகை நிலத்தையும் வாங்குதற்கில்லை. 5 ஆண்டுக்கு மேற்படாத வாடகைக் குத்தகைக்கு மட்டும் இடம் உண்டு.

இந்தத் தடையைக் கடக்க ஒரு குறுக்குவழி பேசப்படும். “பணம் என்னுடையது; பத்திரம் உங்கள் பெயரில் இருக்கட்டும்” என்பார்கள். நம் அங்கத்தினர் அஞ்ச வேண்டிய சொல் இதுவே. 1988-ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், அத்தகைய சொத்து பறிமுதலுக்குரியது. குற்றம் நிரூபணமானால் ஓராண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. பெயரை இரவல் கொடுத்தவரும் இதற்குத் தப்பமாட்டார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. ஆற்றோரக் கிராமங்கள் நிறைந்த இந்தோனேஷியாவிலும், 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, தனிமனிதருள் அந்நாட்டுக் குடிமக்களே முழு உடைமை பெறலாம். அயல்நாட்டவர்க்குக் குறித்த கால அனுபோக உரிமையே கிட்டும். அங்குப் பாலித் தீவில் உள்ளூரார் பெயரில் அயலார் நிலம் வாங்கியதால் விளைந்த வழக்குகள் பல. பயணிகள் பெருகும் ஊர்களில் எல்லாம் இவ்வாசை தலைகாட்டுகின்றது.

4. விற்காமலே பெறும் வருவாய்

நிலத்தை விற்றால் ஒருமுறை பணம் வரும். மறு ஆண்டு முதல் அதே நிலத்தில் நாம் கூலிக்குச் செல்ல நேரிடும். பட்டாவை இழந்தால் பயிர்க்கடன் பெறும் தகுதியும் குறையும். மாறாக, வீட்டில் ஓர் அறையை ஒழுங்குபடுத்தி விருந்தினர்க்கு வாடகைக்கு விடலாம். அயல்நாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவித்தல் கட்டாயம். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தமாயின் பதிவு செய்தல் வேண்டும்.

இதில் கூட்டுறவுக்கும் பங்கு உண்டு. தனித்தனியே தரகரிடம் செல்லும் காய்கறி, நெல், வேர்க்கடலை, பால் ஆகியவற்றைச் சங்கத்தின் வழியே விடுதிகளுக்கு அளிக்கலாம். நெசவாளர் ஆரணிப் பட்டையும் கைத்தறித் துண்டையும் பயணிகளிடம் நேரே விற்கலாம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்போர் வாங்கும் ஒவ்வொரு பொருளும் எவருடைய கையிலிருந்து வருகின்றது என்பதே நம் கிராமத்தின் வருங்காலத்தைத் தீர்மானிக்கும்.

நிலம் விற்கவே கூடாது என்பது நம் கருத்தன்று. மகள் திருமணமும், மருத்துவச் செலவும், பழைய கடனும் சில சமயம் வேறு வழியின்றிச் செய்துவிடும். அவ்வாறு நேருமாயின், முதலில் சங்கத்தை அணுகி, அங்கத்தினருள் வாங்குவோர் உளரா என்று கேட்பது நன்று; பின்னரே வெளியாரை நாடலாம். எவ்வாறாயினும், அவசரத்தில் வெற்றுத்தாளில் கையொப்பமிடுதல் ஆகாது.

படிப்பு வட்டத்திற்கு உரிய வினாக்கள்

1. நம் ஊரில் 2024 வெள்ளம் எந்தச் சர்வே எண்கள் வரை ஏறியது? பெரியோரைக் கேட்டு வரைபடத்தில் குறித்துச் சங்க அலுவலகத்தில் வைக்க முடியுமா?

2. நம் அங்கத்தினரின் பட்டாவில் இறந்துபோன பாட்டனார் பெயரே இன்னும் நிற்பது எத்தனை?

3. பயணி ஒருவர் நம் ஊரில் செலவிடும் 100 ரூபாயில், ஊரிலேயே தங்குவது எவ்வளவு?

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் கொண்டுவந்து, எழுதப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர் உதவியுடன் அமர்ந்து பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது அதற்குப் போதும்.