எழுதும் முன் விற்றுப் பாருங்கள்

மின்னூலோ ஆன்லைன் வகுப்போ, தங்களுக்குத் தெரிந்ததை விற்கக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து தயாரிக்கிறார்கள். யார் வாங்குவார்கள் என்று பிறகுதான் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஆரி எம்பிராய்டரி வேலை தெரிந்த ஒருவர் அதைப் பாடமாக்கி விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் வேலை, தலைப்பைக் குறுக்குவது. செயின் ஸ்டிட்ச், லோட் ஸ்டிட்ச், வாட்டர் ஃபில்லிங் எல்லாவற்றுக்கும் யூடியூபில் தமிழிலேயே இலவச வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதையே திரும்பச் சொன்னால் யார் காசு தருவார்கள்? யாருக்கு, எந்த இடத்தில் சிக்குகிறது என்று யோசித்து மூன்று நான்கு தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். ஊசியே பிடிக்காதவருக்கு ஒன்று, தையல் கடை வைத்திருப்பவருக்கு ஒன்று, வேலை நன்றாகத் தெரிந்தும் கல்யாண பிளவுஸுக்கு விலை சொல்லத் தடுமாறுகிறவருக்கு ஒன்று.

அடுத்து, மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று பாருங்கள். நம்மவர்கள் ஒரே விஷயத்தைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், நேரடி ஆங்கிலத்திலும் தேடுவார்கள். மூன்றையும் யூடியூப் தேடல் பெட்டியில் பாதி தட்டச்சு செய்து, கீழே விழும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரெண்ட்ஸில் தமிழ்நாட்டையும் 5 ஆண்டுகளையும் தேர்ந்தெடுத்தால், ஆர்வம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அங்கே வரும் 100 என்பது தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. அந்தக் காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அளக்கிறார்கள். தமிழ் எழுத்தில் போட்டு ‘போதிய தரவு இல்லை’ என்று வந்தால் மனம் தளர வேண்டாம், மற்ற இரண்டு வகையிலும் போட்டுப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கோடு அப்போது சரிகிறதா என்றும் கவனியுங்கள். எண்ணிக்கையே வேண்டுமென்றால் கூகுள் ஆட்ஸில் கீவேர்ட் பிளானர் இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு ‘1,000 முதல் 10,000 வரை’ என்பது போல அகலமாகத்தான் காட்டும். தலைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

இதைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது, பார்வைகள் அள்ளிய வீடியோக்களின் கீழே மக்கள் கேட்கும் கேள்விகள். ‘சூப்பர் அக்கா’ என்பதை எல்லாம் தள்ளிவிடுங்கள். ‘ஃபிரேமிலிருந்து எடுத்ததும் துணி சுருங்குது, ஏன்?’, ‘இந்த டிசைனுக்கு எவ்வளவு வாங்கலாம்?’ என்ற வகைக் கேள்விகளை அவர்கள் எழுதிய சொற்களிலேயே நோட்டில் எழுதுங்கள். பின்னால் விளம்பரம் எழுதும்போது அந்தச் சொற்கள்தான் கைகொடுக்கும். ஒரே கேள்வி பல வீடியோக்களில் திரும்பத் திரும்ப வந்து, யாரும் முழுதாகப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அங்கே நில்லுங்கள்.

பிறகு போட்டியாளர்கள். உங்கள் தலைப்பில் காசுக்கு விற்பவர் ஒருவருமே இல்லை என்றால் துள்ளிக் குதிக்காதீர்கள். பெரும்பாலும் அங்கே காசு கொடுப்பவர் இல்லை என்றுதான் பொருள். விற்கிறார்கள் என்றால் நல்லது. அவர்களுக்கு வந்த 3 நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். வாங்கியவருக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற இரண்டும் அவற்றில்தான் இருக்கும்.

இனி ஆட்களோடு பேச வேண்டும். பத்துப் பேராவது வேண்டும், சொந்தக்காரர்களும் தோழிகளும் கணக்கில் சேர மாட்டார்கள். ‘இப்படி ஒரு வகுப்பு நடத்தினா சேருவீங்களா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. நடந்ததைக் கேளுங்கள். பிளவுஸுக்கு விலை சொல்வதுதான் தலைப்பு என்றால், இப்படி:

“அக்கா, கடைசியா ஒரு கல்யாண பிளவுஸுக்கு எப்படி விலை சொன்னீங்க?”

“கல்லு, சுகர் பீட்ஸ், ஜரி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். கூலிக்கு ஒரு குத்துமதிப்பா போட்டேன். முடிக்கிறப்போ நாலு ராத்திரி தூக்கம் போச்சு, கையில ஒண்ணும் நிக்கலை.”

“அதைச் சரி பண்ண ஏதாவது செஞ்சு பார்த்தீங்களா?”

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வேறொரு கடையில் விசாரித்தேன், ஒரு வகுப்புக்குப் பணம் கட்டினேன், நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன் என்று சொல்பவர் வாங்கக்கூடியவர். புலம்பலோடு நிறுத்திக்கொள்பவர், சிக்கல் உண்மையாகவே இருந்தாலும், பெரும்பாலும் வாங்க மாட்டார்.

கடைசிச் சோதனை, பணம். என்ன கற்றுக்கொள்வார்கள், என்றைக்குத் தொடங்கும், எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி, யுபிஐ மூலம் முன்பதிவு கேளுங்கள். பாடம் இன்னும் தயாராகவில்லை, போதிய பேர் சேராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதை மறைக்காமல் அதே பக்கத்தில் போடுங்கள். எத்தனை பேர் வந்தால் நடத்துவது, எந்தத் தேதிக்குள் என்பதை அறிவிப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் இருவர் சேர்ந்ததுமே மனம் ‘இது போதும்’ என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடும். ஆள் சேரவில்லையென்றால் உடனே விலையைக் குறைக்காதீர்கள். பணத்தை அன்றே திருப்பிவிட்டு, விசாரித்தும் கட்டாமல் போனவர்களிடம் காரணம் கேளுங்கள். பிறகு நோட்டில் இருக்கும் அடுத்த தலைப்பை எடுங்கள்.

ஆள் சேர்ந்துவிட்டால், பணம் கட்டியவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, கடைசியாக விலை சொன்ன பிளவுஸின் படத்தையும் அதற்குப் போட்ட கணக்கையும் அனுப்பச் சொல்லுங்கள். முதல் பாடத்தை அந்தக் கணக்குகளில் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.