போட்டோவில் வண்டி தெரிகிறது, வேகம் தெரியுமா?

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளகவி. வண்டிப் பாதை கிடையாது. மேலே வட்டக்கானலுக்கு ஏறினாலும், கீழே கும்பக்கரைக்கு இறங்கினாலும் நடைதான், சரக்குக்குக் குதிரை. என் 100 சிசி பைக்கைப் பெரியகுளத்தில் அக்கா வீட்டில் நிறுத்தியிருக்கிறேன். போன மாதம் அதை விற்கப் போனபோது, அபராதம் பாக்கி இருப்பதால் பெயர் மாற்ற முடியாது என்றார்கள். ஏழு மாதத்துக்கு முன் வத்தலக்குண்டு பக்கம் 82 கி.மீ. வேகத்தில் போனதாக இ-சலானாம். எனக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. அன்று நான் ஊரில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். என் பழைய வண்டி அந்த வேகம் போகவும் போகாது. அக்கா மகன் எடுத்திருந்தாலும் எடுத்திருக்கலாம். போலீஸார் எழுதியதுதான் கணக்கா? எப்படி மறுப்பது? இல்லை, 1,000 ரூபாயைக் கட்டிவிட்டு விடவா? — வாசகர், வெள்ளகவி

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். வெள்ளகவிக்குப் பாதை இல்லாதது, நீங்கள் தோட்டத்தில் இருந்தது, போலீஸார் மீதான கோபம் எதுவும் இந்த வழக்கைத் தீர்மானிக்காது. தீர்மானிக்கப்போவது ஒரே கேள்விதான்: அந்த 82 என்ற எண் எதிலிருந்து வந்தது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 183-வது பிரிவுதான் அதிவேகத்துக்கு அபராதம் விதிக்கிறது. இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. அதே பிரிவின் 3-வது உட்பிரிவை யாரும் படிப்பதில்லை. ‘இவர் வேகமாகப் போனார் என்பது என் கருத்து’ என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்கக் கூடாது. அந்தக் கருத்து ஒரு கருவியால் எடுத்த கணிப்பை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது அது. சாலையோரம் நின்ற அதிகாரி கண்ணால் பார்த்து எழுதிய வேகம் மட்டுமே ஆதாரம் என்றால், தண்டனைக்கு அது போதாது.

கருவியால் அளந்திருந்தால் அந்தக் கருவிக்கும் கட்டுப்பாடு உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. நிலையான கேமரா மட்டுமல்ல, கையில் பிடிக்கும் ஸ்பீடு கன்னும் இதில் அடங்கும். கருவி துல்லியமாக இருக்கிறது, சரியாக இயங்குகிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரி சான்று தர வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை அந்த இடத்துக்கு முன்பே இருக்க வேண்டும். சலானுடன் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு ஆகியவை தரப்பட வேண்டும். இவற்றோடு, பொறுப்பு அதிகாரி கையெழுத்திட்ட மின்னணு ஆவணச் சான்றும் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த இந்தச் சான்று, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவில் இருக்கிறது. மூல மின்னணு ஆவணத்தையே கொண்டுவராமல் நகலைத் தாக்கல் செய்தால் இந்தச் சான்று கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ரேடார் கருவி என்றால் இன்னொன்றும் உண்டு. 2025 ஜூலை 1 முதல் வேகம் அளக்கும் ரேடார் கருவிகள் எடையளவுச் சட்ட விதிகளுக்குள் வந்துவிட்டன. மளிகைக் கடைத் தராசைப் போலவே அவையும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். உங்கள் சலான் தேதி அதற்கு முன்னா பின்னா என்று பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், படத்தைப் பார்த்ததும் பலர் அடங்கிப்போகிறார்கள். படம் இன்ன வண்டி இன்ன இடத்தில் இருந்தது என்பதைத்தான் காட்டும். வேகத்தைச் சொல்வது கருவி. ரேடார் அலை விரிந்து போகும். பக்கத்தில் இன்னொரு வண்டி முந்திச் சென்றிருந்தால் 82 யாருடையது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. லேசர் கன் ஒரே வண்டியைக் குறிவைப்பதால் அந்தக் கேள்வி அங்கே வலுவிழக்கும். படத்தில் உங்கள் வண்டி மட்டும் இருந்தால் இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். ‘சாய்வாக நின்று அளந்தார்கள், அதனால் தப்பு’ என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அதை மட்டும் கோர்ட்டில் சொல்லாதீர்கள். சாய்வாக அளந்தால் கருவி உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். நீங்களே உங்கள் வேகத்தைக் கூட்டியதாக ஆகிவிடும்.

‘என் வண்டி அந்த வேகம் போகாது’ என்பதும் வெறும் வாய்ச்சொல்லாக நிற்காது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2003-ல் ஒரு பழைய டாட்சன் கார் 158 கி.மீ. வேகத்தில் போனதாக கேமரா பதிவு செய்தது. காரைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வேகத்தை அதனால் நெருங்கவே முடியவில்லை. கேமராக்களின் மீதே சந்தேகம் விழுந்து, பலருக்கு அபராதம் திருப்பித் தரப்பட்டது. அங்கே ஜெயித்தது சோதனை அறிக்கை. நல்ல நிலையில் உள்ள 100 சிசி பைக் 82 தொடும் என்பது எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியும். உங்கள் பைக் தொடாது என்றால் மெக்கானிக்கின் எழுத்து மூலமான அறிக்கை எங்கே? வண்டியை விற்றுவிட்டால் அதையும் காட்ட முடியாது.

இப்போது உங்களைக் கடிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ‘நோட்டீஸ் வரவில்லை’ என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். ஆர்.சி.யில் இருக்கும் மொபைல் எண் யாருடையது? நீங்கள் கைவிட்ட பழைய எண், அந்த சிம் இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே சொல்கிறீர்கள். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதுதான் 167ஏ விதி. அதை நீங்கள் படித்த நாளை அது கேட்கவில்லை. ஏழாம் நாளே அந்த எண்ணுக்குச் செய்தி போயிருந்தால் இந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். எண் மாறினால், முகவரி மாறினால் ஆர்.டி.ஓ. பதிவிலும் மாற்ற வேண்டாமா? மலையில் இருக்கிறோம், சிக்னல் இல்லை என்பது உங்கள் கஷ்டம்; எனக்குப் புரிகிறது. அந்தக் கஷ்டம் இருப்பவர்தான் இதில் மற்றவரைவிட முன்யோசனையாக இருக்க வேண்டும். அதைவிட வருத்தம், விஷயம் தெரிந்து ஒரு மாதம் ஆகியும் சலானின் படத்தைக்கூட நீங்கள் எடுத்துப் பார்க்கவில்லை. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் சலான் விவரம் கிடைக்கும்; பெரியகுளத்தில் எந்த பிரவுசிங் சென்டரிலும் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். படமே பார்க்காமல் அதைப் பொய் என்கிறீர்கள். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அடுத்தது, உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று மோதும் இரண்டு பதில்கள். வண்டி அங்கே போகவே இல்லை என்பது ஒன்று. அக்கா மகன் எடுத்திருக்கலாம் என்பது இன்னொன்று. அவர் எடுத்திருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். 183-வது பிரிவு தண்டிப்பது ஓட்டியவரை. போலீஸார் கேட்டால் ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமை 133-வது பிரிவின்படி உரிமையாளருக்கு உண்டு. அவரைக் காப்பாற்ற நீங்கள் கோர்ட்டில் பொய் சொன்னால், 1,000 ரூபாய் விஷயம் அதைவிடப் பெரிய விஷயமாகிவிடும். அவர் வேகமாகப் போனது உண்மைதான் என்றால் எதிர்க்க வேண்டாம், அபராதத்தைக் கட்டச் சொல்லுங்கள். வெள்ளகவியிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் இறங்கி ஏறினால் கூலியே அதைத் தாண்டிவிடும்.

படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லை என்றோ, வேகத்துக்கு அளவே இணைக்கப்படவில்லை என்றோ தெரிந்தால் கட்டாதீர்கள். கட்டுவது குற்றத்தை ஏற்பதாகும். பிறகு மறுக்க வழியில்லை. மறுமுறை இதே குற்றம் வந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. கருவியின் சான்று, அதைப் புதுப்பித்த தேதி, எச்சரிக்கைப் பலகை இருந்த இடம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து சலானின் கெடுவையோ வாய்தாவையோ தவறவிடாதீர்கள். அந்த ஆவணங்களைத் தாக்கல் செய்யும்படி கோர்ட்டிடமே கேட்க முடியும்.

காலக்கெடு பற்றி ஒரு வார்த்தை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை, நடந்து ஆறு மாதத்துக்குப் பின் கோர்ட் விசாரணைக்கு எடுக்கத் தடை உண்டு (பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, பிரிவு 514). ஏழு மாதம் ஆகிவிட்டதே என்று மகிழ வேண்டாம். அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே கோர்ட் அதை எடுத்திருக்கலாம். தாமதத்தை மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சலானின் இப்போதைய நிலை என்ன என்று பார்க்காமல் யாரும் இதில் உறுதி தர முடியாது, நானும் தரமாட்டேன்.

உங்கள் தாள் எதையும் பார்க்காமல் எழுதிய பதில் இது. இதை வைத்து நேராகக் கோர்ட்டில் வாதாடாதீர்கள். சலான் பிரிண்ட், ஆர்.சி., இன்சூரன்ஸ், அந்த சிம்முக்கு வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சலானில் குறிப்பிட்டுள்ள நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். வசதி இல்லையென்றால் அந்த நீதிமன்ற வளாகத்தின் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 எண்ணில் பேசலாம். போகும்போது அக்கா மகனையும் அழைத்துச் செல்லுங்கள். வழக்கறிஞர் முதலில் கேள்வி கேட்கப்போவது அவரிடம்தான்.