குடும்ப உளச்சிகிச்சைப் பயிற்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கணவன் மனைவிக்கிடையிலும் பெற்றோர் பிள்ளைகளுக்கிடையிலும் எழும் உளச்சிக்கல்களை ஒரு தனிமனிதரின் குறையாகக் கொள்ளாமல், உறவின் இயக்கத்தில் வைத்து ஆராய்ந்து தீர்க்க முயலும் துறை திருமண, குடும்ப உளச்சிகிச்சை ஆகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1963ஆம் ஆண்டிலேயே இத்தொழிலுக்குச் சட்டவழி உரிமம் ஏற்படுத்தியது. இன்று அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் உரிமமுறை உண்டு. இவ்வளவு காலம் கடந்தும், இத்தொழிலுக்கான பயிற்சி குறித்துப் பிழையான கருத்துகள் சில நிலைத்து நிற்கின்றன.

நம்பிக்கை: வாழ்க்கை அனுபவமும் நல்ல மனமும் உள்ள எவரும் குடும்பச் சிக்கலைத் தீர்த்துவிடலாம்.

உண்மை: நல்ல மனம் தேவையே, ஆனால் பயிற்சியற்ற நல்ல மனம் சிக்கலுக்குள் தானும் ஒரு தரப்பாகிவிடும் வாய்ப்பே மிகுதி. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான மர்ரே போவென் இதை ‘முக்கோணம்’ என்னும் கருத்தால் விளக்கினார். இருவருக்கிடையே பதற்றம் ஏறும்போது, அவர்கள் மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்து அப்பதற்றத்தைத் தணித்துக்கொள்ள முயல்வர். அம்மூன்றாமவர் மாமியாராகவோ மூத்த மகளாகவோ இருக்கலாம், சிகிச்சையாளராகவும் இருக்கலாம். எவர் பக்கமும் சாயாமல் இருவரோடும் உறவு பேணும் திறன் இயல்பாக வாய்ப்பதில்லை என்பதால், போவெனின் வழியில் பயில்வோர் தத்தம் குடும்பத்தின் பல தலைமுறை உறவுகளை வரைபடமாக எழுதி, தம்மை எளிதில் இழுக்கக்கூடிய முக்கோணங்கள் எவை என்று முதலில் ஆராய்கின்றனர். பயிற்சியின் மிகக் கடினமான பகுதி இதுவே எனலாம்.

நம்பிக்கை: தனிநபர் உளவியல் கற்றவர், அதே அறிவைக் கொண்டு இணையரையும் குடும்பத்தையும் கவனித்துக்கொள்வார்.

உண்மை: தனிநபர் அமர்வில் சிகிச்சையாளர் கேட்பது ஒருவரின் கூற்றை மட்டுமே; குடும்ப அமர்விலோ மகனிடம் கேட்ட கேள்விக்குத் தாய் விடை சொல்வதும், அப்போது தந்தை முகம் திருப்பிக்கொள்வதும் கண்முன்னே நிகழ்கின்றன, அவையே ஆய்வுக்குரிய சான்றுகள். இவற்றை நிகழும் கணத்திலேயே கண்டு இடையிட வேண்டியிருப்பதால், நூலறிவு இங்கே பாதி வழிக்கே துணைவரும். பிலடெல்பியாவில் சால்வடோர் மினூச்சின் நடத்திய பயிற்சியில், ஒருபுறமிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் அமர்ந்து, பயில்பவர் குடும்பத்தோடு பேசுவதை நேரடியாகக் கண்டு வழிகாட்டும் முறை பெயர்பெற்றது. கலிபோர்னியாவில் உரிமம் பெற, முதுகலைப் பட்டத்துடன், மேற்பார்வையின்கீழ் குறைந்தது 104 வாரங்களில் 3,000 மணிநேரப் பணி முடித்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 500 மணிநேரம் இணையர், குடும்பங்கள், குழந்தைகள் ஆகியோருக்கான சிகிச்சையாக இருக்க வேண்டும் என்ற விதியின் பொருள், இத்திறன் தனியே பயின்றுபெற வேண்டியது என்பதாகும். மேற்பார்வை என்பது வருகைப் பதிவைச் சரிபார்க்கும் அலுவலகப் பணியன்று. அனுபவமிக்க சிகிச்சையாளர் ஒருவர், பயில்பவரின் ஒவ்வொரு முடிவையும் அவரோடு அமர்ந்து அலசும் கற்பித்தல்.

நம்பிக்கை: சில நாள் பயிலரங்கில் கலந்துகொண்டு சான்றிதழ் பெற்றவர் அம்முறையில் வல்லுநர்.

உண்மை: இணையர் சிகிச்சையில் புகழ்பெற்ற காட்மன் முறையிலும், சூ ஜான்சன் வளர்த்தெடுத்த உணர்வுமையச் சிகிச்சையிலும் பயிலரங்கு நுழைவாயில் மட்டுமே. முன்னதில் மூன்று நிலைப் பயிற்சிகள் உள்ளன. பின்னதில் தொடக்கப் பயிற்சிக்குப்பின் திறன் பயிற்சிகளும் மேற்பார்வையும் தொடர்கின்றன. இரண்டிலும் தம் அமர்வுகளின் ஒளிப்பதிவுகளை மதிப்பீட்டுக்கு அளித்துத் தேறியவர்க்கே முழுச் சான்று கிடைக்கிறது.

நம்பிக்கை: உரிமம் கிடைத்ததும் படிப்பு முடிந்தது.

உண்மை: கலிபோர்னியாவில் உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 36 மணிநேரத் தொடர்கல்வி தேவை; அதில் 6 மணிநேரம் சட்டத்திற்கும் தொழில்நெறிக்கும் உரியது. பிறருக்கு மேற்பார்வையாளராக விரும்புவோர்க்கும் தனிப்பயிற்சி கட்டாயம்.

இந்தியாவில் நிலைமை வேறு. குடும்பத்தைச் சிகிச்சையில் இணைத்துக்கொள்ளும் மரபு இங்கே பழையது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் நோயாளியோடு உறவினரையும் தங்கவைத்துச் சிகிச்சையளித்து வந்திருக்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் குடும்ப உளச்சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவே நடத்துகிறது. எனினும், மருத்துவ உளவியலாளரைப் பதிவுசெய்ய இந்திய மறுவாழ்வு மன்றம் இருப்பதுபோல், குடும்ப உளச்சிகிச்சையாளருக்கென்று தனி உரிமமுறை இங்கு உருவாகவில்லை. ஆகவே தகுதியை விசாரிக்கும் பொறுப்பு உதவி நாடுவோர் மேலேயே விழுகிறது. முதல் சந்திப்பிலேயே சிகிச்சையாளர் எங்கே பயின்றார், இணையரையும் குடும்பங்களையும் யாருடைய மேற்பார்வையில் எவ்வளவு காலம் கவனித்தார், இப்போதும் எவரிடமேனும் ஆலோசனை பெறுகிறாரா என்று தயங்காமல் கேட்க வேண்டும். முறையாகப் பயின்றவர் எவரும் இக்கேள்விகளை அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்.