மரியாதை முதலில், மாற்றம் பிறகு

அய்யா துணை



பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நல்வழியில் நிறுத்துவது எப்படி? அய்யா வழியில் நின்று இதைச் சிந்திப்போம்.

அய்யா காட்டிய முறை

திருவிதாங்கூரில் எளிய மக்கள் தலையில் துணி கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த காலம் அது. அந்த மக்களிடம், "முதலில் திருந்துங்கள், பிறகு மரியாதை" என்று அய்யா வைகுண்டர் சொல்லவில்லை. தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடச் செய்தார். பள்ளியறையில் கண்ணாடி வைத்து, தன் உருவத்திலேயே இறைவனைக் காணச் செய்தார். மரியாதை முதலில் வந்தது. மாற்றம் பின்னால் வந்தது.

மாற்றத்துக்கும் அவர் வழி வைத்தார். 700 குடும்பங்கள் வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தன. கடலில் குளிப்பது, துணி துவைப்பது, அளவாக உண்பது, கூடி வழிபடுவது. எல்லாம் சிறிய காரியங்கள்தாம். ஆனால் கூடியிருந்து நாள்தோறும் செய்ததால் அவை பழக்கமாயின. பிற்பாடு ஊர்தோறும் எழுந்த நிழல் தாங்கல்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஆகவே பிள்ளைகளுக்குத் துணை நிற்பது நமக்குப் புதிய வேலை அல்ல.

அடி அண்ணாமலையில் ஒரு பிள்ளை

குமரிக் கரையிலிருந்து வெகுதூரத்தில், திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் விடிய விடிய மக்கள் நடப்பார்கள். பாதையோரம் கடை போட்ட குடும்பத்துக்கு அன்றுதான் நல்ல வியாபாரம். அந்த வீட்டுப் பையன் இரவெல்லாம் உதவிக்கு நின்றுவிட்டு, மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சோம்பேறி என்று பெயர் வாங்குகிறான். அடுத்தடுத்து வீட்டுப்பாடம் நிற்கிறது, திட்டு விழுகிறது. ஒருநாள் தான் உருப்படமாட்டேன் என்று அவனே நம்பிவிடுகிறான். அதன்பின் படிப்பை விட ஒரு சின்னக் காரணம் போதும்.

"ராத்திரி எத்தனை மணிக்குக் கண்ணு படுத்தே?" என்று கேட்க ஒருவர் இருந்தால் கதை வேறு. பிள்ளையை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் பேசலாம். ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லலாம். கடையில் சில்லறை கொடுத்துப் பழகியவன் மனக்கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பான். அதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் அவனுக்கே தெரியும்.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் இதே வழிதான். கொரோனாவில் பள்ளி மூடியதால் பின்தங்கிய 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா நாள் தவறாமல் வந்து உட்கார்ந்ததே அதன் பலம்.

நாம் செய்யக்கூடியது

1. ஒரு பெரியவர், மூன்று நான்கு பிள்ளைகள், வாரத்தில் இரண்டு மாலை. தாங்கல் இல்லாத ஊரில் ஒரு திண்ணை போதும். வருவதாகச் சொன்ன நாளில் வந்துவிட வேண்டும். நாம் தவறினால் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும்.

2. முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

3. நல்லதைக் கண்டால் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "நல்ல பையன்" என்பதைவிட, "தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு நீ சாப்பிட்டாயே" என்பது மனதில் நிற்கும்.

4. தவற்றைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. திண்ணையிலும் அதுவே நமக்கு விதி.

5. வாழ்க்கைக்கு வேண்டியதைப் பழக்குங்கள். தன் துணியைத் தானே துவைப்பது, செலவை எழுதி வைப்பது, கோபம் வந்தால் சற்று ஒதுங்கி நிற்பது, கூட்டாளி கெட்டதற்கு அழைத்தால் "வேண்டாம்" என்பது, தெரியாததைக் கூச்சமின்றிக் கேட்பது. ஒரு மாதத்துக்கு ஒன்று போதும்.

6. பெற்றோருக்குத் தெரிந்து, நாலு பேர் பார்க்கும் இடத்தில் உட்காருங்கள். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். 1098 என்ற எண்ணை அழையுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.

சிந்திக்க

தாழக் கிடப்பவரைக் காப்பதே தர்மம் என்பது நாம் ஏற்ற நெறி. வகுப்பில் கடைசி பெஞ்சில், எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடத் தாழக் கிடப்பவர் யார்? அந்தப் பிள்ளையை "உருப்படாதவன்" என்பது, அய்யா கட்டச் சொன்ன தலைப்பாகையை நாமே அவிழ்ப்பதாகும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த வாரமே பெயர் சொல்லி அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அய்யா உண்டு.