நடவுக்கு முந்தி ஒரு நாள்

“வலி இருந்தால்தானே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?” உத்திரமேரூர் பக்கம் களையெடுக்கும் வயல்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. புற்றுநோயிடம் இந்தக் கணக்கு செல்லாது. மார்பில் வரும் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. கர்ப்பப்பை வாயில் மாறும் செல்கள் ஆண்டுக்கணக்கில் சத்தமே காட்டாது. நடவு தொடங்குவதற்குள் ஒரு நாளைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கென்று ஒதுக்குங்கள்.

1. வயதைப் பாருங்கள்

அந்தக் காலக் குடவோலைத் தேர்தலில் பெயர் எழுத 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது உத்திரமேரூர்க் கல்வெட்டு. பரிசோதனைக்கு 30 போதும். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது தேசிய வழிகாட்டுதல். வாய்ப் பரிசோதனை ஆண்களுக்கும் உண்டு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் 30 வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. நாளைக் கேட்டு வையுங்கள்

எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று ஊருக்கு வரும் நர்சம்மாவிடமோ, பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமோ கேளுங்கள். 104-க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். மாதவிலக்கு நாட்களைத் தவிருங்கள். கூச்சமாக இருந்தால் நூறு நாள் வேலைக்குப் போவதுபோல் நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

3. உள்ளே நடப்பது

மார்பகத்தையும் அக்குளையும் நர்ஸ் கையால் தடவிப் பார்ப்பார். பிறகு, கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைப் பஞ்சால் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுப்பார். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். லேசாக எரியலாம், அவ்வளவுதான். சில நிமிட வேலை. முடிவு அங்கேயே தெரியும். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒருமுறை இப்படிப் பார்த்ததில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான முடிவு இது.

4. வீட்டில் பாருங்கள்

மாதவிலக்கு முடிந்த சில நாளில், குளிக்கும்போது சோப்புக் கையின் மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, மார்பையும் அக்குளையும் வட்டமாகத் தடவுங்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது.

வாய்க்குக் கண்ணாடியும் செல்போன் வெளிச்சமும் போதும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஈறு எங்காவது வெள்ளை, சிவப்புத் திட்டு உண்டா? இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா? மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வாய்க்குள் நுழைகிறதா? நுழையாவிட்டாலும், காரம் பட்டாலே எரிந்தாலும் காட்டுங்கள்.

5. சுருக்குப்பையைப் பிரியுங்கள்

புகையிலையை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. பாக்கே புற்றுநோய் தரக்கூடியது. ஹான்ஸ், பீடி, சாராயம் எல்லாம் அதே பட்டியல்தான். விட முடியாமல் தவித்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். தட்டில் கீரையும் காயும் கூடட்டும், இடுப்புச் சுற்றளவு கூட வேண்டாம்.

6. மகளை மறக்காதீர்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு 9 முதல் 14 வயது ஏற்ற காலம். சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஊசி போட்டாலும் 30-க்கு மேல் பரிசோதனை உண்டு.

7. அனுப்பினால் போங்கள்

“மேல் பரிசோதனைக்குப் போங்க” என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. திட்டு, கட்டி பலவும் சாதாரணமானவையே. ஆனால் சீட்டை மடித்து அரிசிப் பானையில் போட்டுவிட்டால் பார்த்ததே வீண். காஞ்சிபுரம் காரப்பேட்டையில், 1969-இல் புற்றுநோய்க்குப் பலியான அண்ணாவின் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காப்பீட்டு அட்டையும் சீட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

எல்லாம் சரி என்றார்களா? வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கார்டு வைக்கும் உறைமேல் அன்றைய தேதியை எழுதி, பக்கத்திலேயே 5 ஆண்டு கூட்டி எழுதிவையுங்கள். அடுத்த முறை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.