சதவீதக் கணக்கில் சறுக்கும் இடம்

22.9.2025 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைமுடி எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. "13 சதவீதம் குறைந்ததே, 118 ரூபாய் சரக்கை 102 ரூபாய் 66 காசுக்குத் தாருங்கள்" என்று உளுந்தூர்பேட்டை கடைவீதியில் ஒருவர் கேட்டால், வணிகர்களாகிய நாம் என்ன சொல்வது?

வரி, வரியில்லா விலையின் மேல் ஏறுவது. அந்த விலையை 100 என்று கொள்வோம். 18 ஏறி 118 ஆயிற்று. இனி 5 ஏறி 105. ஆகவே சரியான விலை 105 ரூபாய். 102.66-க்குக் கொடுத்தால் உருப்படிக்கு 2 ரூபாய் 34 காசு கல்லாவில் துண்டு விழும். நூறு உருப்படிக்கு 234 ரூபாய். 105-க்கு மேல் வாங்கினாலோ, வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியதை நாம் வைத்துக்கொண்டதாகும்.

வழி: பழைய விலையை 118-ஆல் வகுத்து 105-ஆல் பெருக்குக. 236 ரூபாய் சரக்கு 210 ஆகும்.

ஏற்றமோ இறக்கமோ, வித்தியாசத்தைப் பழைய விலையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம் வரும். 118 என்பது 105 ஆனால் இறக்கம் 11.02 சதவீதம். அதே 105 மீண்டும் 118 ஆனால் ஏற்றம் 12.38 சதவீதம். ரூபாய் இரண்டிலும் 13 தான், அடிப்படைதான் வேறு.

பயிற்சி: 59 ரூபாய் ஷாம்பு இனி என்ன விலை? (விடை: ரூ. 52.50)